செவ்வாய்க்கிழமை வராத மூடி

பொய் சொன்னவன் நான். மஞ்சள் மூடி அன்று என் கையில்தான் இருந்தது. நான் அதைத் தூக்கவில்லை. தூக்கினேன் என்று சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி அதனால் தன் வகுப்பை இழந்தாள்.

இந்த ஐந்து வசனங்களையும் மூன்று வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. சல்லியிலிருந்து திருகோணமலை நகரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோதுதான் முதன்முறையாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணி வெயில். தோளில் பை. பின்னால் கடலும் கருவாட்டு மணமும் விலகிக்கொண்டிருந்தன. கடற்கரையில் மீன் உலர்த்தும் ஒரு கருவாட்டு வாடியில் கிடைத்த வேலையை "நாளைக்கு வாறன்" என்று சொல்லித் தட்டிவிட்டு வந்திருந்தேன். வேலை தருகிறேன் என்றவள் அந்தப் பிள்ளையின் தாய்.

நாளைக்கு வருவதாக எனக்கு எண்ணமே இல்லை... நடப்பது எனக்குப் புதிதல்ல. ஓரிடத்தை விட்டு நடந்து போவதில் நான் கெட்டிக்காரன்! ஆனால் அன்று கால்கள் சரியாக நடக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நடுவில் எங்காவது நான் நல்லவன்போலத் தோன்றினால் நீங்கள் நம்பிவிடாதீர்கள்.

வெருகலில் பிறந்தேன். பெயர் ராசா. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. சண்டை, இடப்பெயர்வு, முகாம் என்று இரண்டு வருடம் போனது. பிறகு பள்ளிக்கூடம் திறந்துதான் இருந்தது. திரும்பிப் போக எனக்குத்தான் மனமில்லை. அதற்காக நான் அழுததில்லை. கல்முனையில் பேக்கரியில் மா பிசைந்தேன். வவுனியாப் பக்கம் கிணறு வெட்டினேன். அறுவடைக் காலத்தில் வயல், மற்றக் காலத்தில் மணல் லொறி. ஒரு வேலையில் இரண்டு வருடம் நின்றால் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். சோறும் படுக்க ஒரு பாயும் கிடைக்கிற இடமெல்லாம் எனக்கு ஊர்தான். இதில் குறையென்று சொல்ல எதுவும் இல்லை.

துறைமுகத்துக்குக் கிட்டே உள்ள ஒரு பாடசாலையில் சிற்றூழியனாகச் சேர்ந்தது அப்படித்தான். கூட்டுவது, தண்ணீர் நிரப்புவது, படலை திறப்பது, மணி அடிப்பது. மணி என்றால் மணி இல்லை. வேப்பமரத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட பழைய தண்டவாளத் துண்டு. அதை இரும்புப் போல்ற் ஒன்றால் அடிக்கவேண்டும். ஓங்கி அடித்தால் மூதூருக்குப் படகு ஏற நிற்பவர்களுக்கும் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஏழாம் வகுப்பில் ஓடிப்போனவன் கையால் நானூறு பிள்ளைகள் எழும்பி இருந்தார்கள்!

மிதுனா மூன்றாம் தரத்தில் வந்து சேர்ந்தாள். சல்லியிலிருந்து தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். அதற்கு முன் இரண்டு பாடசாலைகள் ஏலாது என்று அனுப்பிவிட்டிருந்தன. முதல் நாள் நான் மணி அடித்தேன். வகுப்பிலிருந்து ஓர் அலறல். இரும்பின் சத்தத்தைவிடப் பெரிய அலறல். மேசைக்குக் கீழே புகுந்து, தலையைச் சுவரில் இடித்து, அரை மணிநேரம்... ஒவ்வொரு பாடவேளைக்கும் இப்படி! எட்டுத் தடவை மணி, எட்டுத் தடவை அலறல். பெற்றோர் சிலர் படலையில் வந்து நின்று, "பேய் பிடிச்ச பிள்ளையை ஏன் எங்கட பிள்ளையளோட இருத்தினவை?" என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் வகுப்பாசிரியை வாசுகி ரீச்சர் வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"ராசா, மணி அடிக்க ஒரு நிமிசம் முந்தி எங்கட யன்னலுக்கு வந்து எதையாவது தூக்கிக் காட்டேலுமா? ஒவ்வொரு தடவையும் ஒரே சாமானாய் இருக்கவேணும்."

"கத்துற பிள்ளைக்கு ரெண்டு அதட்டு அதட்டினாப் போதாதா ரீச்சர்?" என்றேன்.

"உங்களுக்குப் பல்லுக்குத்து வந்தா அதட்டி நிப்பாட்டுவியளோ?"

கையிலிருந்த இரும்புப் போல்ற்றைக் கீழே வைத்தேன்.

"ஓட்டிசம் எண்டு சொல்லுறது, ராசா. வருத்தம் நோய் ஒண்டும் இல்லை. பிசாசும் இல்லை. அவளுக்கு உலகம் கேக்கிற விதம் வேற. உங்கட மணி எங்களுக்கு வெளியில அடிக்குது. அவளுக்கு மண்டைக்குள்ள அடிக்குது. வரப்போகுது எண்டு முன்னமே தெரிஞ்சா அவள் தாங்குவாள். தெரியாமல் வாறதுதான் அவளைக் கொல்லுது."

முதலில் ஒரு மட்டைத் துண்டு. அது மழையில் நனைந்து கிழிந்தது. பிறகு சுவருக்குப் பூசிய பெயின்ற் வாளியின் மூடி கிடைத்தது. பிளாஸ்ரிக், நல்ல மஞ்சள், சாப்பாட்டுத் தட்டத்தைவிடச் சற்றுப் பெரிது. யன்னலுக்கு வெளியே நின்று அதைத் தலைக்குமேல் தூக்கிப் பத்து எண்ணவேண்டும். பிறகு மரத்தடிக்குப் போய் அடிக்கவேண்டும். நாளொன்றுக்கு எட்டு முறை, வெயிலென்றாலும் மழையென்றாலும்.

முதல் கிழமை ஐந்து நாளும் ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் கிழமை, நான் மூடியைத் தூக்கியதும் மிதுனா தன் இரண்டு உள்ளங்கைகளையும் காதில் வைத்தாள். மணி அடித்தது. அலறல் வரவில்லை!

வகுப்புப் பிள்ளைகளும் அதைப் பழகிக்கொண்டார்கள். நான் யன்னலில் தோன்றினால் முப்பத்திரண்டு பேரும் காதைப் பொத்துவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. மிதுனா மட்டும், "மூடி வந்திட்டுது," என்று தெளிவாகச் சொல்லுவாள். அவள் வாயிலிருந்து வகுப்பில் வந்த முதல் வசனம் அதுதான் என்று ரீச்சர் சொன்னார். நான் அரை நிமிடம் பிந்தினாலும் போதும், "மூடி வரேல்லை, மூடி வரேல்லை," என்று தொடங்கிவிடுவாள். நாளடைவில் அது வகுப்புக்கே பழகிப்போனது. இடைவேளையில் மற்றப் பிள்ளைகளும் "மூடி வரேல்லை" என்று பாடிக்கொண்டு ஓடுவார்கள்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. யன்னலில் நின்றபடியே நானும் கொஞ்சம் படித்தேன். அவளுடைய மேசை, மின்விசிறியின் கடகடப்பு எட்டாத மூலையில் இருந்தது. சுவரில் அன்றைய நாள் முழுவதும் படமாக வரைந்து வரிசையாகத் தொங்கியது: கணக்கு, தமிழ், சாப்பாடு, வீடு. முடிந்த படத்தை அவளே திருப்பிவிடுவாள். அடுத்து என்ன என்று தெரிந்தபோது அவள் அமைதியாக இருந்தாள். நமக்கும் அப்படித்தானே? அடுத்த வேளைச் சோறு எங்கே என்று தெரியாத நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும்...

ஒரு நாள் ரீச்சரிடம் கேட்டேன். "ஏன் ரீச்சர், அவள் என்ர முகத்தைப் பார்க்கிறாளே இல்லை? மூடியைத்தான் பார்க்கிறாள்."

"முகம் பார்க்கிறதும் கதை கேக்கிறதும் எங்களுக்கு ஒரு வேலை. அவளுக்கு ரெண்டு வேலை. அவள் பார்க்காட்டி மரியாதை இல்லை எண்டில்லை, ராசா. கவனமாக் கேக்கிறாள் எண்டு நினையுங்கோ."

ஐந்தாம் மாதம், மூன்றாவது அடியிலேயே அவள் ஒரு கையைக் காதிலிருந்து எடுத்தாள். நான் மரத்தடியிலிருந்து பார்த்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. படலையடியில் கடலை விற்கிற கிழவரிடம் சொன்னேன். அவர், "அப்ப அடுத்த வருசம் உனக்கு வேலை போயிடும்," என்றார். இருவரும் சிரித்தோம்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரியாமல் செய்தவன் அல்ல! அதை நீங்கள் மறக்கக்கூடாது.

வருடக் கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து மூவர் வருவதாகக் கதை வந்தது. மிதுனாவைச் சாதாரண வகுப்பில் தொடர்ந்து வைத்திருக்கலாமா, நாலாம் தரத்துக்கு ஏற்றலாமா என்று அவர்கள் பார்த்து எழுதுவார்கள். நல்லபடி முடிந்தால் வேறு பாடசாலைகளிலும் இப்படிப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். பாடசாலை அதிபர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "அவையள் ஏலாது எண்டு எழுதினா, என்னால ஒண்டும் செய்யேலாது ரீச்சர்."

முதல் நாள் மாலை பிரதி அதிபர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு அந்த வாளி மூடியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் திரியாதையும். காட்டினதும் அப்பிடியே பின்னால போயிடும். பார்க்க ஒரு மாதிரி இருக்கும்."

சரி என்றேன். கோபம் வரவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மூடியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கடன் வாங்கிய ஸ்திரிக்கைப் பெட்டியால் என் சேட்டு ஒன்றை அழுத்தினேன். என்னையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன் போலும்...

செவ்வாய்க்கிழமை. வகுப்பின் பின்னால் கதிரை போட்டு மூன்று பேரும் இருந்தார்கள். பக்கத்தில் அதிபர், மிதுனாவின் தாய் ஜெயந்தி. மூன்றாம் பாடவேளை முடிய இரண்டு நிமிடம் இருந்தது. மூடியோடு யன்னலுக்குப் போனேன். உள்ளே ரீச்சர் யன்னலுக்கு முதுகைக் காட்டி, பின்னால் இருந்த விருந்தினரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மிதுனாவோடு உழைத்தவர்களுக்கு நன்றி சொன்னார். அதிபர் பெயரைச் சொன்னார். தாய் தகப்பனைச் சொன்னார். வகுப்புப் பிள்ளைகளைச் சொன்னார். அவர்கள் விருந்தினர் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள்.

என் பெயர் வரவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்குள் என்ன நடந்தது? எத்தனை முறை கேட்டுவிட்டேன்! வெயிலில் தலை சுற்றியது என்று சொல்லலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். இல்லை... இல்லை! எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வருடம், எட்டு முறை, வெயிலில் நடந்தவன் யார்? நான் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று இவர்களும் ஒருதரம் பார்க்கட்டும்! இதுதான் நான் நினைத்தது. இந்த வார்த்தைகளில்தான்.

மிதுனா மட்டும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோரமாக நின்றேன். அவளுக்குத் தெரியாத இடத்தில். மூடி இடது கையில், தொடையோடு ஒட்டித் தொங்கியது. தூக்கவில்லை. மரத்தடிக்குப் போனேன். அடித்தேன். மற்ற நாட்களைவிட ஓங்கி அடித்தேன்.

அவள் அலறிக்கொண்டு வகுப்பை விட்டுப் பாய்ந்தாள். பிறகு எந்தப் பக்கத்தால் ஓடினாள் என்று யாரும் காணவில்லை. விருந்தினருக்காகப் படலையைத் திறந்து வைத்தவனும் நான்தான்.

இரண்டு மணித்தியாலம் தேடினார்கள். ஜெயந்தி வீதியில் செருப்பில்லாமல் ஓடினாள். கடைசியில் எனக்கு மட்டும் எங்கே தேடுவதென்று தோன்றியது. சுவரில் தொங்கிய படங்களுக்குப் பின்பக்கம் அவள் எப்போதும் கயிற்றுச் சுருள்தான் வரைவாள். மூதூர்ப் படகுகள் கட்டும் துறையில் கிடப்பதுபோல, வட்டத்துக்குள் வட்டம். போனேன். கவிழ்த்து வைத்த தோணி ஒன்றுக்குப் பின்னால், கயிற்றுச் சுருளின் நடுவில் குந்தியிருந்தாள். காதைப் பொத்தியிருந்தாள். முழங்கால் கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது. ஓரடி தள்ளித் தண்ணீர். அங்கே ஆழம் அதிகம்.

நான் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"மூடி வரேல்லை," என்றாள்.

பாடசாலைக்குக் கூட்டிவந்தேன். ஜெயந்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். "நீங்கள் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்," என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிதுனா மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை மூடி வரேல்லை. செவ்வாய்க்கிழமை மூடி வரேல்லை."

"இவள் எப்பவும் இதைத்தானே சொல்லுறவள்," என்றார் அதிபர்.

வாசுகி ரீச்சர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "ராசா, காட்டினனீங்கள்தானே?"

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த மூச்சில்! ஜெயந்தியின் கண்ணீர் என் கையில் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை...

"ஓம் ரீச்சர். பத்து எண்ணும்வரைக்கும் காட்டினனான்."

ரீச்சர் அதற்குமேல் கேட்கவில்லை. நம்பினார். மறுநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பிள்ளையை மீட்டவன் என்று பாராட்டினார். என் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்! நான் ஆசைப்பட்டது கிடைத்தது. மூன்றாம் வகுப்பின் மூலையில் ஒரு மேசை வெறுமையாக இருந்தது.

வந்த மூவரும் ஏலாது என்றே எழுதினார்கள். மூன்று கிழமையில் எனக்கு உள்ளங்கால் அரித்தது. போய்விட்டேன்.

மூன்று வருடம் மட்டக்களப்புப் பக்கமும் வவுனியாப் பக்கமும் திரிந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்; அதை மறைத்து என்ன பயன்? பகலில் உழைப்பேன், சாப்பிடுவேன், பாட்டுக் கேட்பேன். எங்காவது பாடசாலை மணி கேட்டால் மட்டும் கை தானாகத் தலைக்குமேல் போகும். பக்கத்தில் நிற்பவர்கள் சோம்பல் முறிக்கிறேன் என்று நினைப்பார்கள்.

அறுவடை முடிந்து இந்தப் பக்கம் வந்தபோது, சல்லியில் கருவாடு போட ஆள் தேடுகிறார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். விசாரித்துப் போய் வாடிக்குள் நுழைந்தேன். மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ராசா அண்ணன்! எங்க போனீங்கள் இவ்வளவு காலமும்? இருங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் மற்றக் கதை."

ஜெயந்தி. அவள் சிரிக்கச் சிரிக்க எல்லாம் சொன்னாள். மிதுனா ஒன்றரை வருடம் வீட்டிலேயே இருந்தாளாம். எழுதிய எழுத்தெல்லாம் மறந்துபோனாளாம். இப்போது வாரத்தில் மூன்று நாள் நகரத்தில் ஒரு சிறு வகுப்புக்குப் போகிறாள். எழுத்து மெல்லத் திரும்புகிறது. "அண்டைக்கு நீங்கள் இல்லாட்டி இவள் கடலுக்க. அதை மறப்பனா? நாளைக்கே வேலைக்கு வாங்கோ, உங்களை விட்டா வேற ஆர்?"

மீன் காயப்போட வலை விரித்த தட்டியின் ஓரத்தில் பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி சூடை மீன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாத் தலையும் ஒரே பக்கம். அவள் என் பக்கம் திரும்பவில்லை. என் கையை மட்டும் ஒரு கணம் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை மூடி வரேல்லை," என்றாள்.

"இது ஒரு பாட்டு அவளுக்கு," ஜெயந்தி சிரித்தாள். "மூண்டு வருசமா ஒவ்வொரு நாளும் சொல்லுறாள். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிப்போச்சு, அண்ணன்."

மூன்று வருடமாக... ஒவ்வொரு நாளும்! அவள் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். பேசத் தெரிந்த எங்கள் அத்தனை பேருக்கும் அது பாட்டாகிவிட்டது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்தேன். நாளைக்கு வாறன் என்றேன். நடந்தேன்.

பாலத்தைக் கடந்து நிலாவெளி வீதியில் ஏறியதும் பஸ் ஒன்று நின்றது. அது எனக்கு வழக்கமான தப்பிக்கும் வழி. நடத்துனர், "ஏறுங்கோ, ஏறுங்கோ," என்றார். ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? நல்லவனாகிவிட்டேனா? அப்படி ஒன்றுமில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த வசனம் சல்லியில் ஒவ்வொரு நாளும் சொல்லப்படும் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

வாசுகி ரீச்சரின் வீடு லிங்கநகரில். போய்ச் சேர ஐந்து மணி கடந்துவிட்டது. விறாந்தையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை. நின்றபடியே அந்த ஐந்து வசனங்களையும் சொன்னேன்.

ரீச்சர் சிவப்புப் பேனையை மூடினார். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து பழைய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்து எனக்கு வாசித்தார்.

"'முன்கூட்டியே மூடியைக் காட்டியும் பயந்து ஓடினாள். இந்த முறையை நம்ப முடியாது.' அண்டைக்கு நான் எழுதினது, ராசா. அதுக்குப் பிறகு இப்பிடி ரெண்டு பிள்ளையள் என்ர வகுப்புக்கு வந்தவை. ரெண்டு பேருக்கும் நான் இதைச் செய்து பார்க்கேல்லை. சரிவராத வழி எண்டு விட்டிட்டன். மணி அடிக்கிற நேரமெல்லாம் ரெண்டு பேரையும் நூலக அறைக்க கொண்டுபோய் விட்டன். பாதிப் பாடம் அவைக்குக் கிடைக்கேல்லை."

நான் ஒரு பிள்ளைக்குத்தான் கேடு செய்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"என்ர பேரை நீங்கள் சொல்லேல்லை, ரீச்சர்... அதுதான்..." சொல்லும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் கொப்பியை மடியில் வைத்தார். "அவையளுக்கு நான் காட்ட நினைச்சதே உங்களைத்தான். மணிக்கு முந்தி நீங்கள் யன்னலில வருவியள். பிள்ளை காதைப் பொத்துவாள். அதைக் காட்டிப்போட்டு, இதுதான் ராசா எண்டு சொல்ல வைச்சிருந்தன். நான் யன்னல் பக்கம் திரும்ப முந்தி மணி அடிச்சிட்டுது. கடைசிப் பேர் உங்கட."

நிலத்தைப் பார்த்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதை என்னட்டக் கேளாதேங்கோ."

அடிமட்டத்தை வைத்து நேராகக் கோடிழுத்து அந்த வரியை வெட்டினார். கீழே எழுதினார்: அன்று மூடி காட்டப்படவில்லை. பேனையை என்னிடம் நீட்டினார். ஏழாம் வகுப்புக் கையெழுத்தில் என் பெயரை எழுதினேன். அவர் கொப்பியை மூடவில்லை. "அப்ப மூடியில பிழை இல்லை," என்று தனக்குத்தானே சொன்னார். குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்குள் ஏதோ ஒரு சந்தோஷமும் இருந்தது. அது எனக்கானதல்ல. நாளைக்கு வகுப்புக்கு வரப்போகிற ஏதோ ஒரு பிள்ளைக்கானது.

படலைவரை வந்து சொன்னார். "மிதுனாட்டச் சொல்லுங்கோ. தாயிட்ட இல்லை, முதல்ல அவளிட்ட. அவள் சரியாச் சொன்னவள். நாங்கள்தான் கேக்கேல்லை."

"அவளுக்கு விளங்குமா, ரீச்சர்?"

"அவளுக்கு எப்பவோ விளங்கிட்டுது. முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதேங்கோ. சின்னச் சின்ன வசனமாச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டுப் பொறுங்கோ. பதில் வரப் பிந்தும். வராமலும் விடலாம். வராட்டி அதையும் ஏற்றுக்கொள்ளுங்கோ."

பஸ் நிலையத்தில் படுத்து எழும்பி, முதல் பஸ்ஸில் சல்லிப் பக்கம் போனேன்.

வாடியில் அப்போதுதான் தட்டிகளை விரித்திருந்தார்கள். மிதுனா ஓரத்தில் இருந்து மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போகவில்லை. பக்கவாட்டில், இரண்டு முழம் தள்ளி, மணலில் இருந்தேன். என் கைகளை அவள் பார்க்கும்படி முழங்காலில் வைத்தேன்.

"மிதுனா. செவ்வாய்க்கிழமை மூடி வரேல்லை."

அவள் கை நின்றது.

"ராசா மூடி தூக்கேல்லை. ராசா பொய் சொன்னவன். நீ சொன்னது சரி."

பொறுத்தேன். எனக்குள் பத்து எண்ணினேன். பிறகு இன்னொரு பத்து. அலை வந்து போயிற்று. அவள் கையிலிருந்த மீனின் வால் மெல்ல ஆடியது. பதில் வரவில்லை. மீனை வரிசையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

எனக்குப் பின்னால் கூடை நிலத்தில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. திரும்பினேன். ஜெயந்தி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ...

"ரீச்சருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம். நேற்றுச் சொன்னனான்."

"ஒண்டரை வருசம்," என்றாள். "ஒண்டரை வருசம் நான் இவளுக்கு, பொய் சொல்லாத, அண்ணன் மூடி காட்டினவர் எண்டு சொல்லிக் குடுத்தனான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பேன். அவள் குடிசைக்குள் போய்விட்டாள். நான் எழும்பினேன். பை தோளில். வீதி எந்தப் பக்கம் என்று எனக்கு எப்போதும் தெரியும்.

அவள் வெளியே வந்தாள். கையில் இன்னொரு கூடை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இண்டைக்கும் ஆள் வரேல்லை. வெயில் ஏறுது, மீன் பழுதாப் போகும். நிண்டு அந்தத் தட்டியைத் திருப்பு."

நேற்றுவரை அண்ணன், நீங்கள். இன்று 'திருப்பு'. அது என் கூலியில் வெட்டிய பங்கு, சரியாகத்தான் வெட்டினாள். பையை இறக்கி வைத்தேன். சேட்டின் கையை மடித்தேன். அப்படித்தான் அந்த வேலையில் சேர்ந்தேன்.

சூடை மீனைத் திருப்புவது கஷ்டமான வேலை அல்ல. குனிந்து, ஒவ்வொன்றாக, தோல் பிய்யாமல் திருப்பவேண்டும். முதுகில் வெயில் ஏறியது. உப்பு விரல் வெடிப்புகளில் எரிந்தது. கடற்காற்று நன்றாக இருந்தது. அதை இல்லையென்று சொல்லமாட்டேன். நான் திருப்பிக்கொண்டு போக, பின்னால் மிதுனா வந்து தலைகளை ஒரே பக்கமாகச் சரிசெய்தாள். நான் வைத்தது எதுவும் அவளுக்குச் சரியாக இல்லை.

மூன்றாவது தட்டியில் அவள் சொன்னாள். அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"செவ்வாய்க்கிழமை மூடி வரேல்லை."

"ஓம்," என்றேன். "வரேல்லை."

அவள் அடுத்த மீனைச் சரிசெய்தாள். சற்று நேரத்தில் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஓம் என்றேன். அன்று முழுவதும் அவள் அதை நிறுத்தவில்லை.